ஏ0 தாளில் எதை வைப்பது, எதை விடுவது: முதல் போஸ்டர் போடுகிறவருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான். பெங்களூரில் பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவர், ஏரிக்கரைத் தாவரங்களுக்கும் அங்கே வரும் தும்பிகளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்கிறார். அடுத்த மாதம் புனேயில் ஒரு மாநாடு, முதல் முறையாகப் போஸ்டர் (ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சடித்து அரங்கில் மாட்டுவது) தேர்வாகியிருக்கிறது, ஏ0 அளவு, அதாவது நீளத்திலும் அகலத்திலும் ஏ4 தாளைப் போல நான்கு மடங்கு, என்று சொல்லியிருக்கிறார்கள். கைடு "எல்லாத் தரவையும் போட்டுவிடு" என்கிறார். சீனியர் ஒரு பழைய பிபிடியை (பவர்பாயிண்ட் கோப்பை) கொடுத்து "இதிலேயே மாற்றிக்கொள்" என்கிறார். எங்கே தொடங்குவது, எவ்வளவு எழுதுவது, இந்த ஊரில் எப்படி அச்சடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் சீனியர் கொடுத்த அந்த பிபிடியை மூடி வையுங்கள். அதில் முன்னுரை, நோக்கம், செய்முறை, முடிவுகள், விவாதம், மேற்கோள்கள் என்று பெட்டிகள் ஏற்கெனவே இருக்கும், அவற்றை நிரப்புவதுதான் வேலை என்று கை தானாகவே நம்ப ஆரம்பித்துவிடும், கடைசியில் உங்களிடம் இருப்பது சுவரில் ஒட்டிய ஒரு கட்டுரையாகத்தான் இருக்கும். கட்டுரையை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார், புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கிறார். போஸ்டரை ஒரு கையில் காபியோடு, கண்ணில் தெரிந்த முகங்களைத் தேடிக்கொண்டே நடந்தபடி பார்க்கிறார். அரங்கில் 80 போஸ்டர், நேரம் ஒரு மணி என்றால் ஒன்றுக்கு முக்கால் நிமிடம், அதிலும் நடக்கிற நேரம் போக மிச்சம்தான். போஸ்டர் பக்கத்தில் மாணவனாக நின்றும் இருக்கிறேன், பிறகு மதிப்பெண் தாளோடு வரிசை வரிசையாக நடந்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: இரண்டு மீட்டர் தள்ளிப் போகிற ஒருவரை நிறுத்தி, உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வைத்துவிட்டால் போஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. மீதியை நீங்கள் வாயால் சொல்லிக்கொள்ளலாம், அதற்குத்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். எழுத்தின் அளவிலிருந்து அச்சடிக்கும் தாள் வரை கீழே சொல்லப் போகிற எல்லாமே இதை வைத்துத்தான்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள். உங்கள் ஆய்வில் கண்டது என்ன, ஒரே வாக்கியத்தில். "நான் இதைப் படித்தேன்" என்று எழுதாதீர்கள், "இது இப்படி இருக்கிறது" என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், கரையில் கோரையும் நாணலும் விட்டுவைத்த ஏரிகளில் தும்பி இனங்கள் அதிகம், கரை முழுக்கக் கல் பதித்த ஏரிகளில் குறைவு. இதுதான் வாக்கியம். இதை எழுத ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, எழுதவே முடியவில்லை என்றால் போஸ்டரில் கோளாறு இல்லை, பகுப்பாய்வில் இன்னும் ஏதோ முடியவில்லை என்று பொருள், அதைக் கைடிடம் போய்ப் பேசுங்கள். போஸ்டர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனாலும் தலைப்பைத் தமிழிலேயே காட்டுகிறேன். மாநாட்டுக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தில் நீங்கள் கொடுத்த தலைப்பு ஏறக்குறைய இப்படி (ஒடொனேட்டா என்பது தும்பிகளின் அறிவியல் பெயர்): "பெங்களூரு நகர்ப்புற நீர்நிலைகளின் கரையோரத் தாவர அமைப்புக்கும் ஒடொனேட்டா பன்முகத்தன்மைக்கும் இடையிலான தொடர்பு பற்றிய ஓர் ஆய்வு". இதைப் படித்து முடிக்கும்போது மனிதர் அடுத்த போஸ்டருக்குப் போயிருப்பார். "கோரை இருக்கும் கரையில் தும்பிகள் அதிகம்" என்று பெரிதாகப் போட்டு, அதன் கீழே சின்னதாக "பெங்களூரு ஏரிகளில் ஓர் ஆய்வு" என்று வையுங்கள். சுருக்க நூலில் அச்சான தலைப்பு மாறக்கூடாது என்று சில மாநாடுகள் சொல்லும். அப்படியானால் பழைய தலைப்பை மேலே அடக்கமான அளவில் வைத்துவிட்டு, இந்த வாக்கியத்தை அதற்கு அடியில் இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டுவிடலாம், அதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது வெட்டுவது, வலிக்கிற வேலை இதுதான். மொத்த போஸ்டரும் 300 முதல் 500 சொற்களுக்குள் நிற்கட்டும், 800ஐத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். சுருக்கம் என்ற பகுதி வேண்டவே வேண்டாம், போஸ்டரே சுருக்கம்தான் (விதிமுறையில் கட்டாயம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்). முன்னுரை மூன்று வரி: ஏரிகளைச் "சீரமைக்கிறோம்" என்று கரையைச் சுற்றி நடைபாதையும் கல்லும் போடுகிறார்கள், தும்பியின் இளம்புழு தண்ணீரில் வளர்ந்து, இறக்கை விரிக்க ஒரு தண்டைப் பற்றி மேலேறி வருகிறது, அந்தத் தண்டு இல்லாவிட்டால் என்ன ஆகிறது? இவ்வளவு போதும், கேள்வியில் வந்து நின்றுவிட்டது. தும்பிகள் எந்த வரிசையைச் சேர்ந்தவை, உலகில் எத்தனை இனங்கள் என்பதெல்லாம் அங்கே வருகிறவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு அதைவிட உங்கள் முடிவுதான் முக்கியம். செய்முறையை வாக்கியமாக எழுதாமல் படமாக வரையுங்கள்: ஏரிக்கரை ஒரு கோடு, அதில் நீங்கள் நடந்த பாதை, எத்தனை மீட்டர், எத்தனை முறை, எந்த மாதங்கள். புள்ளியியல் முறையின் பெயர் ஒரு வரி. மேற்கோள்கள் மூன்று அல்லது நான்கு, சின்ன எழுத்தில் கீழே. நிதி கொடுத்தவர் பெயர், களத்தில் உதவியவர் பெயர், இவை கட்டாயம். மீன் பிடிக்கிறவர் படகு கொடுத்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அவர் பெயரையும் போடுங்கள், அதற்கு ஒரு வரிதான் ஆகும்.

கைடு "எல்லாத் தரவையும் போடு" என்கிறாரே, என்ன செய்வது? வாதாடாதீர்கள், அச்சடித்துக் காட்டுங்கள். அவர் சொன்னபடி ஒன்று, நீங்கள் நினைத்தபடி ஒன்று, இரண்டையும் தயார் செய்து, இரண்டையும் சுவரில் ஒட்டி, "சார், அங்கே நின்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான கைடுகள் அந்த இடத்திலேயே ஒத்துக்கொள்வார்கள், அவர்களும் அரங்குகளில் நடந்து கால் கடுத்தவர்கள்தானே. ஒத்துக்கொள்ளாவிட்டால், மிச்சத் தரவை ஏ4 தாளில் இரண்டு பக்கமாக அடித்துப் போஸ்டருக்குக் கீழே ஓர் உறையில் வைக்கிறேன் என்று சொல்லுங்கள். அவருடைய பயம் தரவு காணாமல் போய்விடுமோ என்பதுதான், அந்தப் பயத்துக்கு இது சரியான பதில்.

சரி, இப்போது பென்சில். ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்து அதில் கட்டம் போடுங்கள், எது எங்கே என்று. நிற்கிற மனிதரின் கண் மட்டம் தாளின் மேல் பாதியில்தான் விழும், நெடுக்குவாட்டில் ஏ0வின் அடிப்பகுதி பல பலகைகளில் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். ஆனால் வழக்கமான போஸ்டரில் முடிவுரை எங்கே இருக்கிறது? வலது கீழ் மூலையில், முழங்காலுக்குப் பக்கத்தில். சொல்ல வந்த செய்தியைக் குனிந்து படிக்கச் சொல்கிறோம். முடிவை மேலே கொண்டுவாருங்கள், கீழே மேற்கோளும் நன்றியும் லோகோவும் போகட்டும். பத்திகளை மேலிருந்து கீழாக இரண்டு அல்லது மூன்று நெடும்பத்தியாக வையுங்கள், கூட்டம் நிற்கும்போது ஒருவர் ஒரே இடத்தில் நின்று ஒரு பத்தியை முழுக்கப் படித்துவிடுவார், குறுக்குவாட்டில் ஓடினால் அடுத்தவரை இடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

2019இல் அமெரிக்காவில் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார், "பெட்டர் போஸ்டர்" என்று பரவியது அதுதான். நடுவில் பெரிய வண்ணப் பரப்பில் ஒரே ஒரு முடிவு, சாதாரண மொழியில், மிகப் பெரிய எழுத்தில், இடது பக்கம் ஒடுக்கமாக ஆய்வின் சுருக்கம், வலது பக்கம் கேட்பவருக்குக் காட்டுவதற்கான படங்கள், ஒரு க்யூஆர் கோடு. அதைப் பார்த்துவிட்டு நிறைய பேர் அப்படியே நகலெடுத்தார்கள். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதே அச்சு எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. உங்கள் ஆய்வில் கண்ணால் பார்த்தாலே நம்பத் தோன்றும் படம் இருக்கிறது, ஒரு பக்கம் கோரைக்கரை, இன்னொரு பக்கம் கல்கரை. அந்த நடு இடத்தை வெறும் எழுத்துக்குக் கொடுத்துவிட்டுப் படத்தை ஓரத்துக்குத் தள்ளுவது சரியில்லை. வாக்கியம் மேலே, அதற்குக் கீழே அகலம் முழுக்க அந்த இரண்டு கரைகளின் புகைப்படமும் நடுவில் முக்கிய வரைபடமும், அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். நான் என்றால் இப்படித்தான் வைப்பேன்.

எழுத்தின் அளவுக்கு வருவோம். 28 பாயிண்ட் என்பது கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர். பத்திகளின் எழுத்து 28 முதல் 32, துணைத் தலைப்புகள் 44 முதல் 54, முதன்மை வாக்கியம் 90க்கு மேல், படத்துக்குக் கீழே வரும் விளக்கம் 24க்குக் குறையவே கூடாது. இந்த எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை, ஒரு சோதனை இருக்கிறது. ஏ0வை ஏ4 தாளில் அடித்தால் நீளமும் அகலமும் சரியாகக் கால் பங்காகும். அதாவது ஏ4 பிரதியை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிப்பதும், ஏ0வை 1.6 மீட்டர் தள்ளி நின்று படிப்பதும் கண்ணுக்கு ஒன்றே. ஆய்வகத்து லேசர் பிரிண்டரில் ஓர் ஏ4 எடுங்கள், சாதாரணமாகப் புத்தகம் பிடிக்கிற தூரத்தில் வையுங்கள், கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறதா? 24 பாயிண்ட் அதில் 6 பாயிண்டாகத் தெரியும், மருந்து டப்பாவில் இருக்கும் எழுத்து மாதிரி, அதுதான் எல்லை. அப்புறம் அதே ஏ4ஐத் தரையில் போட்டு, நின்றபடி பாருங்கள். அப்போதும் தலைப்பு வாக்கியத்தைப் படிக்க முடிந்தால், அரங்கின் அடுத்த வரிசையில் போகிறவருக்கும் அது தெரியும். நான் யாருக்குப் போஸ்டர் பார்த்துக் கொடுத்தாலும் முதலில் கேட்பது இந்த ஏ4தான், பிடிஎஃப்பைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் தெளிவாக இருக்கிறது" என்று சொல்வதில் பயனே இல்லை.

எழுத்தைச் சரிசெய்கிறவர்கள் கூட வரைபடத்தில் தவறிவிடுகிறார்கள். பைத்தானில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பில் எதையும் மாற்றாமல் ஒரு படம் போட்டால் அது 6.4 அங்குல அகலம், எழுத்து 10 பாயிண்ட். அதைப் போஸ்டரில் 32 சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால் இரண்டு மடங்கு, எழுத்து 20 பாயிண்ட், இன்னும் சிறியதுதான். கோடுகளும் மெலிந்தே இருக்கும். இழுக்காதீர்கள். போஸ்டரில் அந்தப் படம் எத்தனை சென்டிமீட்டர் என்று பென்சில் கட்டத்தில் அளந்து, அதே அளவை நிரலில் கொடுத்து, எழுத்து 26 என்று வைத்துப் புதிதாக உருவாக்குங்கள், பிடிஎஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. ஆர் மொழியில் ஜிஜிபிளாட் பயன்படுத்தினாலும் இதே கதைதான், சேமிக்கும்போது அகலத்தையும் உயரத்தையும் நீங்களே கொடுங்கள்.

படத்தின் தலைப்பில் "இன எண்ணிக்கையும் தாவரப் பரப்பும்" என்று அச்சுகளின் பெயரைத் திரும்பச் சொல்லாமல், "தாவரம் கூடக் கூட இனங்களும் கூடுகின்றன" என்று படம் காட்டுவதையே எழுதுங்கள். குறிவிளக்கப் பெட்டியை எடுத்துவிட்டு ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் பெயரை எழுதுங்கள், கண் அங்கும் இங்கும் போய் வர வேண்டாம். பிழைக்கோடுகள் போட்டால் அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, 95 சதவீத நம்பக இடைவெளியா என்று சொல்லியே ஆக வேண்டும், எத்தனை ஏரிகள், எத்தனை நாட்கள் என்பதும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். மதிப்பெண் போடுகிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஏரிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று மறைக்க நினைக்காதீர்கள், ஒவ்வொரு ஏரியையும் ஒரு புள்ளியாக அப்படியே காட்டுங்கள், பட்டை வரைபடத்துக்குள் ஒளித்து வைப்பதைவிட அது எவ்வளவோ நேர்மையாக இருக்கும், பார்க்கிறவருக்கும் நம்பிக்கை வரும். முப்பரிமாண வட்ட வரைபடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நிறத்தில் ஒரு சொந்த அனுபவம். என் முதல் போஸ்டரில் முக்கியமான இரண்டு கோடுகளைச் சிவப்பிலும் பச்சையிலும் போட்டிருந்தேன். துறையில் நான் மிகவும் மதித்த ஒரு பேராசிரியர் வந்து நின்று, வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதில் எது எது என்று எனக்குத் தெரியவில்லையே தம்பி" என்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவரிடம் பேச நான் மூன்று மாதம் காத்திருந்தேன், கிடைத்த ஐந்து நிமிடத்தில் பாதி, எந்தக் கோடு எது என்று விரல் வைத்துக் காட்டுவதிலேயே போய்விட்டது. இது அரிய விஷயம் இல்லை, வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது, நம் ஊர் அரங்கிலும் கட்டாயம் சிலர் இருப்பார்கள். நீலமும் ஆரஞ்சும் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தது. இன்னும் நிறங்கள் வேண்டுமென்றால் ஒகாபே, இத்தோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் தேர்ந்த எட்டு நிறத் தொகுப்பு இருக்கிறது, அவர்கள் பெயரைப் போட்டுத் தேடினாலே கிடைக்கும். வானவில் நிற அளவுகோலை விட்டுவிட்டு விரிடிஸ் பயன்படுத்துங்கள், மேட்பிளாட்லிப்பில் 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பாக வருகிறது. நிறத்தை மட்டும் நம்பாமல் ஒன்றுக்கு வட்டப்புள்ளி, இன்னொன்றுக்கு முக்கோணம் என்று வடிவத்தையும் மாற்றுங்கள். பின்னணி வெள்ளையாகவே இருக்கட்டும், ஏரியின் படத்தைப் பின்னணியாகப் போட்டு அதன் மேல் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும், தண்ணீரின் நெளிவில் எழுத்து மூழ்கிவிடும்.

புகைப்படம் நீங்களே எடுத்ததாக இருந்தால் நல்லது, வேறொருவருடையது என்றால் கேட்டு வாங்கி அவர் பெயரைப் படத்தின் ஓரத்தில் போடுங்கள். 20 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்குக் குறைந்தது 1200 பிக்சல் அகலம் வேண்டும், 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) கணக்கு அது. களத்தில் கூட வந்த நண்பர் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அதனால் மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். இன்னொன்று, ஏரிகளின் பெயர். ஹெப்பால், ஜக்கூர், மடிவாளா என்று நமக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம், புனேயில் இருக்கிறவருக்கு அவை வெறும் சொற்கள். வரைபடத்தில் பெயர்களை அடுக்குவதை விட, கோரைக்கரை ஏரிகள் எல்லாம் ஒரு நிறம், கல்கரை ஏரிகள் எல்லாம் இன்னொரு நிறம் என்று பிரித்து, அதே இரண்டு நிறங்களை மற்ற எல்லாப் படங்களிலும் கடைசிவரை மாற்றாமல் வையுங்கள். இந்தச் சின்ன ஒழுங்கு போஸ்டரைப் பாதி விளக்கிவிடும்.

எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமே இல்லை. பவர்பாயிண்ட் தெரிந்தால் அதுவே போதும், ஆனால் முதல் வேலையாகப் பக்க அளவை 84.1 க்கு 118.9 சென்டிமீட்டர் என்று மாற்றிவிடுங்கள், கடைசியில் மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். லேடெக் பழக்கம் இருந்தால் டிக்ஸ்போஸ்டர் அல்லது பீமர்போஸ்டர், காசில்லாமல் நன்றாக வரைய இங்க்ஸ்கேப். க்யூஆர் கோடு வைப்பதானால் எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 70 சென்டிமீட்டருக்கு 7. முகவரி நீளமாக இருந்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகும், சுருக்கிய முகவரியைக் கொடுங்கள். அது எங்கே கொண்டு போகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், தரவா, கட்டுரையா, போஸ்டரின் பிடிஎஃப்பா என்று தெரியாமல் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்தால்தான் திறக்கும் டிரைவ் இணைப்பைக் கொடுத்துவிட்டுச் சிலர் வருகிறார்கள், உங்கள் கணக்கு இல்லாத ஒரு போனில் திறந்து பாருங்கள்.

இப்போது அச்சடிப்பது. பெங்களூரில் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் பிளாட்டர் (பெரிய தாளில் அடிக்கும் பிரிண்டர்) வைத்திருக்கும் கடைகள் நிறைய, அங்கே கிடைக்காவிட்டால் மெட்ரோவின் பச்சை லைனில் சிக்பேட்டையில் இறங்கி சுல்தான்பேட்டைக்குள் நடந்தால் தெரு முழுக்க அச்சுக் கடைகள்தான். தெருமுனை ஃபிளெக்ஸ் கடையில் மலிவாக முடியும், ஆனால் அந்த இயந்திரம் தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கானது, பக்கத்தில் நின்று படிக்கும் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். அதோடு ஃபிளெக்ஸ் பிவிசி பிளாஸ்டிக். 2018இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இந்த ஊர்த் தெருக்களிலிருந்து லாரி லாரியாகக் கழற்றியது அதைத்தான், ஏரிகளைப் பற்றிப் பேசப் போகிற நீங்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. மேட் தாள் கேளுங்கள், பளபளப்புத் தாளில் அரங்கின் விளக்கு அடித்துப் பாதி படம் தெரியாது. துணியில் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், விலை கூட, ஆனால் மடித்துப் பையில் வைத்துவிடலாம், சுருக்கம் விழுந்தால் பின்பக்கத்தில் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போகும்.

கடைக்கு பிபிடியைக் கொண்டு போகவே கூடாது, பிடிஎஃப்தான், எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்து. அப்படியும் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் கடைக்காரர்கள் பிடிஎஃப்பை நேராக அடிக்காமல் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறப்பார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம். திறந்தவுடன் எழுத்துருக்கள் மாறலாம், மைக்ரோவைக் குறிக்கும் மியூ எழுத்து கட்டமாகவோ "எம்" ஆகவோ மாறலாம். எனக்கு ஒரு முறை அப்படித்தான் நடந்தது. மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம் ஆகி, ஆயிரம் மடங்கு பிழையோடு அச்சாகி, அதை நான் ரயிலில் விரித்துப் பார்த்தபோதுதான் கண்டேன், கருப்புப் பேனாவால் பதினோரு இடத்தில் திருத்தினேன். அதனால் "அண்ணா, கோரலில் திறக்க வேண்டாம், பிடிஎஃப்பிலிருந்தே நூறு சதவீத அளவில் அடித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள், கொஞ்சம் கன்னடம் கொஞ்சம் தமிழ் போதும், புரிந்துகொள்வார்கள். முடியாது, கோரலில்தான் அடிப்போம் என்றால் எழுத்துகளையெல்லாம் வளைகோடாக மாற்றிய ஒரு பிரதியை இங்க்ஸ்கேப்பில் தயாராக வைத்திருங்கள், கடையில் "கர்வ்ஸ்" என்று கேட்பது இதைத்தான். அடிப்பதற்கு முன் அவர்கள் திரையில் மியூ, டெல்டா, கூட்டல் கழித்தல் குறி, பாகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். திரையில் பளிச்சென்று இருந்த நீலமும் பச்சையும் தாளில் கொஞ்சம் மங்கும், அதனால் முக்கியப் படத்தை மட்டும் அதே இயந்திரத்தில் ஏ4 அளவுக்கு ஒரு துண்டு அடித்துப் பார்ப்பது செலவுக்குத் தகும். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை போகாதீர்கள், மின்சாரம், மழை, மெஜஸ்டிக் பக்கத்து நெரிசல் என்று ஏதாவது ஒன்று வரும், இரண்டு நாள் இடைவெளி வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பலகையின் அளவைக் கேளுங்கள். "ஏ0" என்று மட்டும் சொல்வார்கள், நெடுக்கா குறுக்கா என்று சொல்ல மாட்டார்கள். ஏ0வைக் குறுக்காக வைத்தால் அகலம் 118.9 சென்டிமீட்டர், பலகை ஒரு மீட்டர்தான் என்றால் இரண்டு பக்கமும் காற்றில் ஆடும், பக்கத்துப் போஸ்டரின் மேல் ஏறும். புனேவுக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் போவதானால் குழாயை மேல் பெர்த்தில் சுவரோரமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். குழாயின் மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. பின், இருபக்க டேப், சின்னக் கத்தரி, இவை உங்களிடமே இருக்கட்டும். பிடிஎஃப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், குழாய் தொலைந்தால் புனேயிலேயே அடித்துக்கொள்ளலாம்.

பேசுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் போஸ்டரில் பாதி அதுதான். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குப் போன் செய்து, அம்மாவிடமோ அக்காவிடமோ, உங்கள் துறையில் இல்லாத யாரிடமாவது, "நான் என்ன கண்டேன் தெரியுமா" என்று ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். ஒடொனேட்டா என்ற சொல்லே வராமல், தட்டான் என்று சொல்லி, கரையில் புல் இல்லாவிட்டால் அது எங்கே ஏறி இறக்கை விரிக்கும் என்று சொல்ல முடிந்தால், ஆங்கிலத்தில் அதைச் சொல்வது சுலபம். மனப்பாடம் செய்த ஆங்கிலம் நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் அறுந்துவிடும், தமிழில் ஓடிப் பழகிய யோசனை அறுவதில்லை, நானும் என் ஆய்வகத்தில் தமிழ் பேசும் மாணவர்களும் இன்றும் இப்படித்தான் ஒத்திகை பார்க்கிறோம்.

அரங்கில் போஸ்டருக்கு முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், கண் மட்டத்தை மறைக்காமல். ஒருவர் நின்றவுடன் பாயாமல் நாலைந்து நொடி படிக்க விடுங்கள், அப்புறம் "நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்" என்று கேளுங்கள். அவர் தாவரவியலாளர் என்றால் கோரையிலிருந்து தொடங்கலாம், புள்ளியியல்காரர் என்றால் நேராக மாதிரிகளுக்குப் போகலாம், மாநகராட்சியில் ஏரி வேலை பார்க்கிறவர் என்றால் அந்த இரண்டு கரைப் படங்களைக் காட்டுங்கள். ஒரே பேச்சை எல்லோருக்கும் ஒப்பிக்க வேண்டாம். பதில் தெரியாத கேள்வி வந்தால் "அதை நான் பார்க்கவில்லை, எப்படிப் பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள், அப்படித் தொடங்கிய உரையாடல்களிலிருந்துதான் எனக்கு இரண்டு கூட்டு ஆய்வுகள் கிடைத்தன.

கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். யார் என்ன கேட்டார் என்று அன்று இரவே, அறைக்குப் போனதும், மறக்கும் முன் எழுதிவிடுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தப் படம் சரியில்லை, மூன்று பேர் ஒரே சந்தேகத்தைக் கேட்டால் கட்டுரை அனுப்பும்போது ரிவ்யூவரும் அதையே கேட்பார், அந்தப் பகுப்பாய்வைத் திரும்பி வந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். பிடிஎஃப் தயாரானதும், கடைக்குப் போவதற்கு முன், ஏ4 பிரதியைச் சுவரில் ஒட்டி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.